‘மூடுபனி’யில் பிரதாப் போத்தன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உளவளத்துணைப் பணியில் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். கிராமங்களில் வேலை செய்யும் உளநலத் தொண்டர்களுக்கும், நாடகமும் அரங்கியலும் படிக்கும் மாணவர்களுக்கும் அவ்வப்போது ஒரு திரைப்படத்தைப் போட்டுக் காட்டி, பிறகு வட்டமாக இருந்து கதைப்பது எங்கள் வழக்கம். அப்படி நான் அதிக தடவை போட்டுக் காட்டிய படம் பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’. அதில் சந்துரு என்ற மனநலம் குன்றிய இளைஞனாக வரும் பிரதாப் போத்தனின் நடிப்புத்தான் அதற்குக் காரணம். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே கேள்விகள் எழுவதால், என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்கு: கதை என்ன?

பெங்களூரில் வசதியாக வாழும் இளைஞன் சந்துரு. சிறுவயதில் தகப்பன் தாயை அடித்துத் துன்புறுத்தியதையும், பிற பெண்களை நாடிச் சென்றதையும் பார்த்து வளர்ந்தவன். அந்தக் காயம் பாலியல் தொழில் செய்யும் பெண்கள் மீது தீராத வெறுப்பாக அவனுக்குள் முற்றி, அவர்களைக் கொலை செய்யும் அளவுக்குப் போகிறது. இடையில், வேறொருவருக்கு நிச்சயிக்கப்பட்ட ரேகா என்ற பெண்ணைச் சந்திக்கிறான். அவளிடம் தன் மனம் அமைதியடைவதாக உணர்ந்து, அவளை ஊட்டிக்குக் கடத்திச் சென்று அங்கே ஒரு வீட்டில் வைத்திருக்கிறான். ரேகாவாக ஷோபா நடித்தார். படத்தின் முடிவை இங்கே சொல்லப் போவதில்லை; அதைத் தெரியாமல் பார்க்கும்போதுதான் பிரதாப் என்ன செய்கிறார் என்பது முழுமையாக விளங்கும்.

ராஜேந்திரகுமாரின் நாவல் ஒன்றைத் தழுவிய இந்தப் படம் 1980 நவம்பர் 7 அன்று, தீபாவளியை ஒட்டி வெளிவந்தது. இளையராஜாவுக்கு இது 100ஆவது படம். இயக்குநர் பாலு மகேந்திரா எங்கள் நாட்டவர். 1939இல் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர்.

பிரதாப் போத்தன் யார்?

1952இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். சென்னையில் விளம்பர நிறுவனமொன்றில் வேலை செய்துகொண்டே மதராஸ் பிளேயர்ஸ் என்ற ஆங்கில நாடகக் குழுவில் நடித்தார். மேடையில் அவரைப் பார்த்த மலையாள இயக்குநர் பரதன் 1978இல் சினிமாவுக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருடமே பரதனின் ‘தகர’ அவரைப் பெயர் பெற்ற நடிகராக்கியது. தமிழில் பாலு மகேந்திராவின் ‘அழியாத கோலங்கள்’, கே. பாலச்சந்தரின் ‘வறுமையின் நிறம் சிகப்பு’, மகேந்திரனின் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ ஆகிய படங்கள் இரண்டு வருடங்களுக்குள் வந்தன. மூன்று பெரிய இயக்குநர்கள் ஒரே காலத்தில் ஒரு புதியவரைத் தேடிப் போனார்கள் என்பதை மாணவர்களுக்கு நான் எப்போதும் நினைவூட்டுவேன். பிற்காலத்தில் இயக்குநராகவும் ‘வெற்றி விழா’, ‘சீவலப்பேரி பாண்டி’ போன்ற படங்களைத் தந்த அவர், 2022 ஜூலை 15 அன்று சென்னையில் காலமானார்.

அந்த நடிப்பு போதிய அளவு மதிக்கப்படவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

‘மூடுபனி’ என்றவுடன் எங்கள் ஊரில் எவரும் முதலில் சொல்வது ‘என் இனிய பொன் நிலாவே’ என்ற பாட்டை. அதன் பிறகு இளையராஜாவைச் சொல்வார்கள், ஜேசுதாசின் குரலைச் சொல்வார்கள். கொஞ்சம் படம் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவைச் சொல்வார்கள். ஷோபாவைச் சொல்லும்போது குரல் தாழும். படம் வெளிவருவதற்கு ஆறு மாதங்களுக்கு முன், 1980 மே மாதத்தில், அவர் இறந்துவிட்டார். அந்தத் துயரத்தின் நிழல் படத்தின் மீது இன்றும் கிடக்கிறது. இவ்வளவும் நியாயமான நினைவுகள்தான். ஆனால் படம் முழுவதையும் தோளில் சுமந்து செல்லும் மனிதனின் பெயர் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோதான் வருகிறது.

வேறொரு காரணமும் உண்டு. தமிழ்ச் சினிமாவில் மனநோய் என்பது நடிகர் தன் திறமையை விரித்துக் காட்டும் களமாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்திருக்கிறது. கண்ணை உருட்டி, தலைமயிரைப் பிய்த்து, சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்தால் ‘என்ன நடிப்பு!’ என்று கைதட்டுகிறோம். பிரதாப் அப்படிக் கைதட்டக் கூடிய இடம் எதையும் தரவில்லை. எனவே, அவர் நடிக்கவில்லை, சும்மா வந்து போனார் என்று நினைத்தவர்கள் பலர். எங்கள் வட்டத்திலும் முதல் தடவை பார்த்துவிட்டு ஒரு மாணவர், “இவர் எல்லாத்துக்கும் ஒரே முகத்தைத்தானே சேர் வைச்சிருக்கிறார்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் அடுத்த பதில்.

ஒரே முகத்தை வைத்திருப்பதில் என்ன நடிப்பு இருக்கிறது?

மனம் குழம்பிய ஒருவர் நாள் முழுவதும் செய்துகொண்டிருக்கும் மிகப் பெரிய வேலை என்ன என்று எங்களிடம் வரும் குடும்பத்தவர்களைக் கேட்டால், பல பதில்கள் வரும். நோயாளரையே கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: மற்றவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது. உள்ளே குரல் கேட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே வந்தவருக்குத் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பது. பயம் நெஞ்சை அடைக்கும்போது பேருந்தில் மீதிக் காசை எண்ணி வாங்குவது. வெளியில் இருப்பவர் காண்பது அசையாத ஒரு முகத்தை மட்டுமே. அந்த முகத்தை அசையாமல் பிடித்து வைத்திருக்க எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்பது அருகில் வாழ்பவருக்கே தெரியும்.

பிரதாப் நடித்தது அந்தப் பலத்தை. சந்துருவின் குரல் தாழ்ந்தது, நடை ஒதுக்கமானது, உடம்பு மெலிந்தது. அவர் ஒரு அறைக்குள் வரும்போது அந்த அறையைத் தன்வசப்படுத்துவதில்லை. அனுமதி கேட்காமல் வந்துவிட்ட ஒருவரைப் போல நிற்கிறார். நோயை நடிப்பவர் பலர் நோயை வெளியே தள்ளிக் காட்டுவார்கள். இவர் உள்ளே இழுத்துப் பிடிக்கிறார். பிடி தளரும் கணங்கள் மிகக் குறைவு. குறைவாக இருப்பதால்தான் அவை வரும்போது பார்ப்பவருக்கு வயிற்றைப் பிசைகிறது.

இதற்கு மிகச் சிறந்த சான்று அந்தப் பாட்டுக் காட்சியேதான். இலங்கை வானொலியில் கேட்டுக் கேட்டு, அதைக் காதல் பாட்டென்று மனதில் பதித்து வைத்திருப்பவர்கள் நாங்கள். கல்யாண வீட்டு வீடியோக்களில்கூட அது வருகிறது. ஆனால் படத்தில் நடப்பது என்ன? பாடுபவன் அந்தப் பெண்ணைக் கடத்திக்கொண்டு வந்தவன். எதிரே இருப்பவள் எழுந்து போக முடியாதவள். கிதாரை மடியில் தாங்கிக்கொண்டு சந்துரு பாடும்போது அந்த முகத்தில் மிரட்டல் சிறிதும் இல்லை; வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தன் பாட்டைப் பாடிக் காட்டும் கூச்ச சுபாவமுள்ள பெடியனின் முகம்தான் அங்கே இருக்கிறது. தான் செய்திருப்பது என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. அவனைப் பொறுத்தவரை அந்த வீடு ஒரு வீடு, அவள் அங்கே இருக்கிறாள், ஆகவே எல்லாம் சரியாகிவிட்டது. அந்தப் பொய்யான அமைதியை அவ்வளவு உண்மையாக வாழ்ந்து காட்டுவதால், பார்க்கிற நாங்களும் பாட்டின் இனிமையில் சில நிமிடங்கள் அவளுடைய நிலையை மறந்துபோகிறோம். மறந்ததை உணரும்போது ஏற்படும் கூச்சம் இருக்கிறதே, அதை எங்களுக்குத் தந்தது பிரதாப்பின் முகம். குரல் ஜேசுதாசுடையது, வரிகள் கங்கை அமரனுடையவை. ஆனால் அந்தக் கூச்சம் பாட்டை மட்டும் கேட்பவருக்கு ஒருபோதும் வராது.

பிரதாப்பைக் காணும் முன்னர் அந்தப் பாட்டை ஒருமுறை கண்ணை மூடிக் கேட்கும்படியும், பிறகு படத்தோடு பார்க்கும்படியும் மாணவர்களிடம் சொல்வேன். ‘ஒரே முகம்’ என்று சொன்ன மாணவர் இரண்டாம் தடவை ஒன்றும் சொல்லவில்லை.

சந்துருவுக்கு என்ன நோய்? படத்தில் பெயர் சொல்கிறார்களா?

பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சந்துருவுக்குப் பெயர் தேடினால் எதுவும் முழுமையாகப் பொருந்தாது. இது உளமருத்துவ அறிக்கையல்ல, திகில் படத்துக்காக எழுதப்பட்ட பாத்திரம். சிறுவயதில் வீட்டு வன்முறையைப் பார்த்து வளர்வது பிற்காலத்தில் மனத்தைப் பாதிக்கக் கூடியது என்பது உண்மை. ஆனால் அந்தப் பாதிப்பு பெரும்பாலானவர்களில் பதகளிப்பாக (தீராத பதற்றமாக), மனச்சோர்வாக, உறவுகளில் நம்பிக்கையின்மையாக வெளிப்படுகிறதே தவிர, கொலையாக வெளிப்படுவதில்லை.

இந்த இடத்தில் மூன்று தவறான எண்ணங்களைத் திருத்த வேண்டியுள்ளது. ‘சைக்கோ’ என்பது எந்த நோயின் பெயரும் அல்ல. சினிமாவிலிருந்து தெருவுக்கு வந்த ஒரு வசைச்சொல். மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோபிரினியா, ‘ஓர் உடம்பில் இரண்டு ஆள்’ என்று சினிமா காட்டும் நோய் அல்ல. அது எண்ணமும் புலனுணர்வும் குழம்பி, இல்லாத குரல் கேட்பதும் இல்லாத சதியை நம்புவதுமான நோய். மூன்றாவதாக, மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைத் தாக்குவதைவிட மற்றவர்களால் தாக்கப்படுவதும் ஏமாற்றப்படுவதுமே அதிகம். எங்கள் வேலையில் இதை வாரந்தோறும் காண்கிறோம். பிச்சை எடுத்த காசைப் பறித்தவர்கள், காணி உறுதியில் கைநாட்டு வாங்கியவர்கள், வளவுக்குள் நுழைந்தார் என்று கட்டி வைத்து அடித்தவர்கள் எவரும் நோயாளர் இல்லை.

அப்படியானால் மனநோயாளரைக் கொலைகாரராகக் காட்டும் இந்தப் படத்தை நீங்கள் ஏன் போட்டுக் காட்டுகிறீர்கள்?

இதுதான் மிகக் கடினமான கேள்வி. இதற்கு என் சொந்த அனுபவத்திலிருந்துதான் பதில் சொல்ல முடியும்.

1986ஆம் ஆண்டு. எனக்கு அப்போது பதின்னான்கு வயது. வெளிநாட்டுக் காசு வரத் தொடங்கியிருந்த காலம். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது, வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து ஓர் இரவில் மூன்று படம் ஓடுவார்கள். முற்றத்தில் பாய் விரித்து அயலட்டை எல்லாம் கூடியிருந்த அப்படியொரு இரவில்தான் ‘மூடுபனி’யை முதன்முதலாகப் பார்த்தேன். எங்கள் ஒழுங்கையின் முடிவில் ஒரு வீட்டில் இருபத்தைந்து வயதளவில் ஓர் அண்ணா இருந்தார். நன்றாகப் படித்தவர், பிறகு தன்னைச் சிலர் பின்தொடர்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கி, வேலியோரம் நின்று தனக்குத்தானே கதைத்துக்கொண்டிருப்பார். எவருக்கும் ஒரு தீங்கும் செய்ததில்லை. அவருடைய தாய் அன்று எங்களோடு படம் பார்க்க வந்திருந்தார். பாதிப் படத்தில் அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். படலை சாத்தப்பட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த நாளிலிருந்து ஒழுங்கைச் சிறுவர்களுக்கு அந்த அண்ணா ‘சந்துரு’வாகிவிட்டார். அதுவரை அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ‘சந்துரு’ என்று கூப்பிட்டுக் கல்லெறிந்தவர்களில் நானும் ஒருவன். இதைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் புகழ எனக்கு உரிமை இல்லை.

கதை நோயையும் கொலையையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறது. அந்த முடிச்சு தவறானது. அது உயிருள்ள மனிதர்களைக் காயப்படுத்தியது. இதில் நான் படத்துக்காக வாதாட மாட்டேன். ஆனால் வளர்ந்த பிறகு, இந்தப் பணிக்கு வந்த பிறகு, மறுபடியும் பார்த்தபோது, அந்த நடிகர் அதே கதைக்குள் நின்றுகொண்டே அதற்கு எதிராக இழுப்பதைக் கண்டேன். கதை ‘இவனைக் கண்டு பயப்படு’ என்கிறது. பிரதாப்போ பயந்துகொண்டிருப்பவனே சந்துருதான் என்று காட்டுகிறார். தன் தலைக்குள் இருப்பதைக் கண்டு அவன் அஞ்சுகிறான். தாயைப் போன்ற ஒருத்தியின் மடி கிடைத்தால் அது நின்றுவிடும் என்று நம்புகிறான். வேலியோரம் நின்ற அந்த அண்ணாவின் கண்ணில் இருந்ததும் அதே அச்சம்தான்; பதின்னான்கு வயதில் எனக்கு அது தெரியவில்லை. கதையின் பிழையையும் நடிப்பின் உண்மையையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான படம் தமிழில் எனக்குக் கிடைக்கவில்லை.

‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்தில் கமல்ஹாசன் ஏறத்தாழ இதே பாத்திரத்தைச் செய்துவிட்டாரே?

பாரதிராஜாவின் அந்தப் படம் 1978இல் வந்தது. அதிலும் பெண்களைக் கொலை செய்யும் செல்வந்த இளைஞன்தான் நாயகன். கமல்ஹாசன் அதை மினுமினுப்போடு செய்தார். அந்தப் பாத்திரத்துக்கு அது தேவை. அவருடைய திலீப் பெண்களைக் கவரத் தெரிந்தவன். சந்துருவுக்கு அது தெரியாது. திலீப்பைக் கண்டு பயப்படலாம், வியக்கலாம், ஆனால் அவனுக்காகக் கவலைப்படுவது கடினம்.

‘தகர’விலும் ‘மீண்டும் ஒரு காதல் கதை’யிலும் பிரதாப் மனநோயாளராகத்தானே நடித்தார்?

இல்லை. எங்கள் சமூகத்தில் பலரும் குழப்பிக்கொள்ளும் விடயம் இது. அந்த இரண்டு படங்களிலும் அவர் நடித்தது அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களாக. அது பிறப்பிலிருந்தோ குழந்தைப் பருவத்திலிருந்தோ இருக்கும் நிலை. மருந்தால் மாறுவது அல்ல. கற்றுக்கொள்ள நேரம் எடுக்கும், துணை தேவைப்படும். மனநோய் பெரும்பாலும் நன்றாக இருந்த ஒருவருக்கு இளம் பருவத்திலோ பிறகோ வருவது. சிகிச்சையால் பெருமளவு குணமாகக் கூடியது. இரண்டையும் ‘மூளை சரியில்லை’ என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுவதால், சிகிச்சை பெற வேண்டியவர் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார், கற்றுக்கொடுக்கப்பட வேண்டிய பிள்ளை தேவையில்லாமல் மருந்து விழுங்குகிறது.

ஒரு நடிகரின் திறமையை அளக்க இந்த வேறுபாடு நல்ல கருவி. ‘தகர’வில் பிரதாப்பின் உடம்பு திறந்து கிடக்கிறது. ஆசை வந்தால் முகத்தில் தெரியும். சொல்லிக்கொடுத்ததை அப்படியே நம்பும். நெடுமுடி வேணு நடித்த செல்லப்பன் ஆசாரி ஏற்றிவிடும் ஒவ்வொரு சொல்லும் அந்த முகத்தில் போய் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. அடுத்த வருடம் சந்துருவாக வரும்போது அதே முகம் சாத்தப்பட்ட படலையாகிவிடுகிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் பாருங்கள். பின்னர் 1985இல், ராதிகாவுடன் நடித்துத் தானே இயக்கிய ‘மீண்டும் ஒரு காதல் கதை’யில், குறைபாடுள்ள இருவர் காதலித்து மணம் புரிய உரிமை உண்டா என்ற கேள்வியை அவர் எடுத்துக்கொண்டார். அறிமுக இயக்குநருக்கான இந்திய தேசிய விருது அதற்குக் கிடைத்தது. மூன்று முறை ஒருவர் இந்தத் திசைக்குத் திரும்பி வந்திருக்கிறார் என்றால், அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் யாழ்ப்பாண மேடையில் இப்படியான நடிப்பு இல்லையா?

இருந்தது, இருக்கிறது. நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘அன்னை இட்ட தீ’ போரினால் உடைந்த மனங்களையே பொருளாகக் கொண்ட நாடகம். 1990களின் தொடக்கத்தில், குண்டுவீச்சுக்கும் பொருளாதாரத் தடைக்கும் நடுவில், அதை இங்கே மேடையேற்றினார்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் மருத்துவ மொழியில் எழுதிக்கொண்டிருந்ததை மேடை தன் மொழியில் சொன்னது. எங்கள் நாடகத்துக்கும் ‘மூடுபனி’க்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு: அங்கே காயத்துக்குக் காரணம் ஒரு தகப்பன், இங்கே காயம் ஊர் முழுவதற்குமானது. எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் காயப்பட்டிருக்கும் ஊரில், ‘நோயாளர்’ என்று ஒருவரை மட்டும் தனியே நிறுத்திச் சுட்ட முடியாது. அந்த நாடகங்களில் நடித்த பலரின் பெயர்கூட இன்று எவருக்கும் தெரியாது, படச்சுருளிலும் அவர்கள் இல்லை. பிரதாப்பைக் குறைத்து மதித்தார்கள் என்று நான் கவலைப்படும்போதெல்லாம் அவர்களும் நினைவுக்கு வருவார்கள்.

குறும்படம் ஒன்றில் மனநோயாளராக நடிக்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் இப்போது குறும்படம் எடுப்பவர்கள் அதிகம். ஆண்டுக்கு இரண்டு பேராவது இதைக் கேட்டு வருகிறார்கள். அனைவருக்கும் நான் முதலில் சொல்வது, மருந்தின் பக்கவிளைவை நோய் என்று நினைத்து நடிக்காதீர்கள் என்பதுதான். கை நடுங்குவது, கால் இழுபடுவது, உதடு தானாக அசைவது, முகம் மரத்துப்போவது, வாயில் எச்சில் வடிவது, உடம்பு பருப்பது ஆகியவை பல சமயம் மருந்தினால், குறிப்பாகப் பழைய மருந்துகளினால் வருபவை. நோய் தணிந்து, வேலைக்குப் போய், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் ஒருவருக்கும் கை நடுங்கலாம். அதை ‘விசரனின் அடையாளம்’ ஆக்கி நடித்தால், ஒழுங்காக மருந்து எடுப்பவரையே நீங்கள் கேலி செய்தவராகிறீர்கள்.

இரண்டாவது, நோயாளரை வேவு பார்க்கப் போகாதீர்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் கிளினிக்குக்கோ ‘பார்த்துப் பழக’ப் போவதாகச் சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். அங்கே வருபவர்கள் உங்களுக்கு மாதிரியாக வரவில்லை. குணமடைந்த ஒருவர் தானாக விரும்பிக் கதைக்க முன்வந்தால், அவருடைய வீட்டு விறாந்தையில் இருந்து கேளுங்கள்.

மூன்றாவது, கூட வருபவரைக் கவனியுங்கள். ஒரு தாய் மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறார். கிளினிக் கொப்பி ஒரு பிளாஸ்ரிக் பையில் மடித்துச் சுற்றப்பட்டிருக்கிறது. மழையில் நனையாமல் பல வருடங்களாக அப்படியே சுற்றப்பட்டதால் பை வெளிறிப்போய் இருக்கிறது. “எப்படி இருக்கிறீர்கள்?” என்று மகனைக் கேட்டால் தாய் பதில் சொல்கிறார்: “இரவிலை நித்திரை கொள்ளுறாரில்லை.” மகன் கீழே பார்த்துக்கொண்டு, சேட்டின் மேல் பொத்தானைப் போட்டிருக்கிறோமா என்று விரலால் ஒருமுறை தடவிப் பார்க்கிறார். போட்டுத்தான் இருக்கிறது. சிறிது நேரத்தில் மறுபடியும் தடவிப் பார்க்கிறார். அந்த விரலை நடித்தால் போதும், கத்தத் தேவையில்லை. ‘மூடுபனி’யில் பிரதாப்பின் கைகளைத் தனியாக ஒருமுறை பார்த்துக்கொண்டு போங்கள் என்று நான் சொல்வதும் இதற்காகத்தான்.

‘விசர்’ என்ற சொல்லை நீங்கள் பயன்படுத்துவீர்களா?

அது எங்கள் மண்ணின் சொல். கோபத்திலும் செல்லத்திலும் விளையாட்டிலும் நாள் முழுவதும் வாயில் வரும். “உனக்கென்ன விசரோ?” என்று அம்மா கேட்டால் எவரும் புண்படுவதில்லை. ஆனால் நோயுள்ள ஒருவரை அவர் காதுபட ‘விசரன்’ என்றோ ‘அங்கொடைக்கு அனுப்ப வேணும்’ என்றோ சொல்வது வேறு. கொழும்புக்கு அருகே மனநோய் மருத்துவமனை இருந்த ஊரின் பெயரே எங்களுக்கு ஒரு வசையாகிப் போனது. பணியில் நான் ‘மனநோய் உள்ளவர்’ என்றே சொல்வேன், அவருடைய பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்வேன்.

நோய் உள்ளவரோ குடும்பத்தவரோ இந்தப் படத்தைப் பார்க்கலாமா?

நோய் தீவிரமாக இருக்கும்போது வேண்டாம். தேறிய பிறகு, விரும்பினால், துணையோடு பார்க்கலாம். கொலைக் காட்சிகள் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பார்த்த பிறகு மனம் குழம்பினாலோ, வேறெந்த நேரத்தில் உதவி தேவைப்பட்டாலோ, இலங்கையில் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

ஒழுங்கை முடிவில் இருந்த அந்த அண்ணாவுக்கு என்ன நடந்தது?

இதைப் பெரும்பாலும் கூட்டம் கலைந்த பிறகு, தனியாக வந்துதான் கேட்பார்கள்.

1995 ஒக்டோபர் 30 அன்று போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்து கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது, தாய் அவருடைய கையைத் தன் சேலைத் தலைப்பால் தன் கையோடு கட்டிக்கொண்டு நடந்ததைப் பார்த்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. அங்கே மருந்து கிடைக்கவில்லை, நோய் மறுபடியும் கூடியது. அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பிய பிறகு சிகிச்சை தொடர்ந்தது. தாய் இறந்து பல வருடங்களாகிவிட்டன. அண்ணாவுக்கு இப்போது அறுபத்தைந்து வயதளவில் இருக்கும். மாதம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்கிறார், வளவில் வெற்றிலைக் கொடி வைத்திருக்கிறார், விடியற்காலையில் தானே தண்ணீர் இறைக்கிறார். நான் அந்தப் பக்கம் போனால் படலையைத் திறந்து, “வாரும், இரும்” என்று கதிரையை இழுத்துப் போடுவார். அந்தக் கல்லுக்காக ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, எறிந்தவர்களில் நான் இருந்தது தனக்கு அப்போதே தெரியும் என்றார். பிறகு வெற்றிலை பிடுங்கித் தந்தார்.